நான் வாங்காத தையல் மெஷின்

"அந்தக் கரூர் லோனை முடிச்சிட்டு வாங்க மேடம். அதுக்கப்புறம் ஃபைலை மேல அனுப்பறேன்."

வீட்டுக் கடனுக்கு விண்ணப்பம் கொடுத்த எட்டாவது நாள், 2024 ஜூன் 18. வங்கி அதிகாரி கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே இதைச் சொன்னார். எந்தக் கரூர் லோன் என்று கேட்டேன். திரையை என் பக்கம் திருப்பினார். நுகர்பொருள் கடன். 2019 ஜூனில் கொடுத்தது. தொகை 26,500 ரூபாய். பாக்கி 19,840. நிலை, ரைட் ஆஃப். எல்லாவற்றுக்கும் மேலே என் பெயர், என் பான் எண். கடன் கட்டும் ஒழுங்குக்குப் போடுகிற மதிப்பெண், அதாவது ஸ்கோர், 604.

நான் திண்டுக்கல்லில் பிறந்து, திண்டுக்கல்லிலேயே வாக்கப்பட்டு, ஒரு தனியார் பள்ளியில் கணக்கு எழுதுகிறவள். கரூருக்கு ஒரு கல்யாணத்துக்கும் ஒரு துக்கத்துக்கும் போயிருக்கிறேன், அவ்வளவுதான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார். சந்தேகப்படுகிற மனிதர் இல்லை. ஆனாலும் அவர் திரும்பிய அந்த ஒரு நொடியை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை. வாங்காத கடன் ஒருவரை என்ன செய்யும் என்று கேட்டால் நான் முதலில் சொல்வது அந்த நொடியைத்தான்.

எங்கள் வீட்டில் கடன் என்றால் அது காகிதம். அப்பாவிடம் ஒரு தகரப் பெட்டி இருந்தது. அதில் அடகுக்கடை ரசீது, கூட்டுறவுச் சங்கத்துப் பாஸ்புத்தகம், தீர்ந்துபோன புரோநோட்டுகள். ஒரு கடனை அடைத்தால் கொடுத்தவர் வீட்டுக்கே போய் நோட்டைத் திருப்பி வாங்கிக்கொண்டு வருவார். ரெவின்யூ ஸ்டாம்பின் மேல் போட்ட கையெழுத்தோடு அந்த மூலையைக் கிழித்துவிட்டுத்தான் மிச்சத்தைப் பெட்டிக்குள் வைப்பார். மூலை இல்லாத அந்தக் காகிதங்களை எண்ணிப் பார்த்துத்தான் நான் எண்ணவே பழகினேன் என்று அம்மா சொல்வாள். அந்தப் பெட்டி நியாயம் எளிமையானது. பணம் கொடுத்தேன் என்று சொல்கிறவன் கையில் காகிதம் இருக்க வேண்டும். வாங்கவில்லை என்று சொல்கிறவன் எதையும் காட்ட வேண்டியதில்லை. வாங்காததற்கு ஏது ரசீது?

யார் எங்கே கடன் வாங்கினார், ஒழுங்காகக் கட்டினாரா என்று காட்டுகிற கிரெடிட் ரிப்போர்ட்டில் இது தலைகீழாக இருப்பதுபோல் முதலில் தோன்றியது. ஒரு வரி ஏறியிருந்தது, அவ்வளவுதான், நான் குற்றவாளி. ஆனால் இரண்டு மாதம் அலைந்த பிறகு ஒன்று எனக்கு உறுதியாகத் தெரிந்தது. அப்பாவின் நியாயம் இங்கேயும் செல்லும். அதை நாம்தான் வாய்விட்டுக் கேட்க வேண்டும்.

அன்று மாலையே ஒரு போன் வந்தது. நல்ல இளம் குரல். "மேடம், உங்க லோன் விஷயமா. 19,000 சொச்சம் நிக்குது. இன்னைக்கு 9,000 ஜிபே பண்ணீங்கன்னா செட்டில்மென்ட் போட்டு க்ளோஸ் பண்ணிடலாம்." இத்தனை வருடம் வராத போன் அன்றைக்கு எப்படி வந்தது என்று திகைத்துப் போனேன். என் எண் எப்படிக் கிடைத்தது என்று கேட்டேன். "சிஸ்டத்துல இருக்கு மேடம்." வேறு பதில் வரவில்லை.

வீட்டில் பெரியவர்கள் எல்லோரும் ஒரே குரலில் கட்டச் சொன்னார்கள். மச்சினர் கணக்கே போட்டுக் காட்டினார். வீட்டுக்கு 3 லட்சம் அட்வான்ஸ் கொடுத்திருந்தோம். அக்ரிமென்ட் ஆகஸ்ட் 30 வரைக்கும். "9,000 ரூபாய்க்காக 3 லட்சத்தை விடுவியாம்மா? சனி தொலைஞ்சதுன்னு கட்டிட்டுப் போ." அவர் சொன்னதில் கெட்ட எண்ணம் துளியும் இல்லை. நானும் அன்றிரவு போனைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

கட்டாமல் விட்டதுதான் நான் செய்த சரியான காரியம். ஒரு ரூபாய் கட்டினாலும் அது என் கடன்தான் என்பதற்கு என் கணக்கிலிருந்து போன பணமே சாட்சியாகிவிடும். அப்புறம் 'இது என்னுடையது அல்ல' என்று எந்த முகத்தோடு எழுதுவது? இன்னொன்று, பேரம் பேசிக் குறைத்துக் கட்டினால் ரிப்போர்ட்டில் அந்த வரி போகாது. 'செட்டில்டு' என்று மாறி அங்கேயே நிற்கும். முழுதாகக் கட்டாதவர் என்றுதான் அடுத்த வங்கி அதைப் படிக்கும். 'ரைட் ஆஃப்' என்ற சொல்லும் பலரை ஏமாற்றுகிறது. தள்ளுபடி ஆகிவிட்டது என்று நினைத்துக்கொள்கிறார்கள். வசூலாகாது என்று கொடுத்தவர் தன் கணக்குப் புத்தகத்தில் எழுதிவைத்தது மட்டும்தான் அது. கடனும் இருக்கும், வசூலிக்கும் உரிமையும் இருக்கும்.

அந்தப் பையனிடம் மறுநாள் ஒன்றுதான் சொன்னேன். இந்தக் கடன் நான் வாங்கியது அல்ல, எதுவாக இருந்தாலும் எழுத்தில் அனுப்புங்கள், உங்கள் பெயரும் நிறுவனத்தின் பெயரும் சொல்லுங்கள். மறுபடி இரவு 8 மணிக்குக் கூப்பிட்டபோது, காலை 8 மணிக்கு முன்னாலும் இரவு 7 மணிக்குப் பிறகும் வசூலுக்காகக் கூப்பிடக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 ஆகஸ்டில் போட்ட உத்தரவைச் சொன்னேன். அதற்குப் பிறகு அந்த எண்ணிலிருந்து போன் வரவில்லை.

சரி, ரிப்போர்ட்டுக்கு வருகிறேன். பேச்சு வழக்கில் எல்லாவற்றையும் 'சிபில்' என்று சொல்லிவிடுகிறோம். இந்தியாவில் இந்த விவரத்தைத் திரட்டி வைக்க உரிமம் பெற்ற நிறுவனங்கள் நான்கு: டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹை மார்க். ஒவ்வொன்றும் வருடத்துக்கு ஒருமுறை முழு ரிப்போர்ட்டை இலவசமாகக் கொடுத்தாக வேண்டும். 2017லிருந்து இருக்கிற விதி இது. நான் நான்கையும் எடுத்தேன். இரண்டில் கரூர் கடன் இருந்தது, இரண்டில் இல்லை. இதுவே எனக்குக் கிடைத்த முதல் துப்பு. உண்மையிலேயே நான் வாங்கியிருந்தால், கடன் கொடுத்தவர் நான்கு இடத்துக்கும் ஒரே விவரத்தைத்தானே அனுப்பியிருப்பார்? இரண்டு இடத்தில் மட்டும் அது என் மேல் வந்து உட்கார்ந்தது ஏன்?

இந்த இடத்தில் அவசரப்படக் கூடாது. தெரியாத பெயரில் கடன் நிற்கிறது என்று என்னிடம் இப்போது கேட்கிறவர்களை முதலில் தங்கள் பெட்டியைத்தான் கிளறச் சொல்கிறேன். செல்போன் கடையில் தவணைக்கு வாங்கிய போன், கடைக்காரர் பெயரில் இருக்காது, பின்னால் இருக்கிற நிதி நிறுவனத்தின் பெயரில் இருக்கும். தம்பி வண்டி வாங்க ஜாமீன் போட்டது நம் ரிப்போர்ட்டிலும் நிற்கும். பழைய வங்கிக் கடன் வாராக் கடனாகி, சொத்து மறுசீரமைப்பு நிறுவனம் ஒன்றுக்கு விற்கப்பட்டிருந்தால் நாம் கேள்வியேபடாத பெயர் அங்கே இருக்கும். வேண்டாம் என்று தூக்கிப் போட்ட கிரெடிட் கார்டின் வருடக் கட்டணம் வளர்ந்து நிற்கும். இது எதுவும் இல்லை என்று மனசாட்சிக்குத் தெரிந்த பிறகுதான் சண்டை.

நான் கணக்கு எழுதுகிறவள், வரி வரியாகப் படித்தேன். எல்லோரும் ஸ்கோரைப் பார்த்துவிட்டு நேராகக் கடன் பட்டியலுக்குப் போய்விடுகிறார்கள். விஷயம் முதல் பக்கத்தில் இருக்கிறது, நம் சொந்த விவரம் இருக்கிற பகுதியில். அங்கே என் பான் எண் இருந்தது. அதன் கீழே ஒரு வாக்காளர் அட்டை எண், என்னுடையது அல்ல. முகவரிகள் மூன்று, மூன்றாவது கரூர் மாவட்டத்து ஊர் ஒன்று. போன் எண்களில் ஒன்று எனக்குத் தெரியாதது. என் பான் எண்ணைத் திருடி யாரும் கடன் வாங்கவில்லை. இன்னொரு பெண்ணின் விவரம் என் விவரத்தோடு கலந்துபோயிருந்தது.

எப்படிக் கலந்தது? கடன் கொடுக்கிற ஒவ்வொருவரும் அனுப்பும் விவரத்தைப் பெயர், பிறந்த தேதி, முகவரி, போன், அடையாள எண் என்று ஒப்பிட்டுப் பார்த்து, ஒரே ஆள் என்று கம்ப்யூட்டர் முடிவு செய்தால் ஒரே கோப்பில் சேர்த்துவிடும். இப்போது நம் ஊர்ப் பெயர்களை நினைத்துப் பாருங்கள். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. ஓர் இனிஷியல், ஒரு பெயர். படிவத்தில் இரண்டு கட்டம் இருப்பதால் அப்பா பெயரை ஒரு கட்டத்தில் போடுகிறோம். என் பெயர் எங்கள் பக்கத்தில் தெருவுக்கு இரண்டு பேருக்கு உண்டு. அப்பாவுக்கு ஆறுபடை வீட்டுச் சாமி பெயர். பிறந்த தேதியோ, பள்ளிக்கூடத்தில் சேர்க்க வயது பத்த வேண்டுமே என்று வாத்தியார் போட்டது, ஜூன் 1. என் வகுப்பிலேயே ஜூன் 1 அன்று பிறந்தவர்கள் ஏழு பேர் இருந்தோம். அந்தச் சிறு கடனுக்கு வாக்காளர் அட்டை மட்டும் கொடுத்திருந்ததால் பான் எண் இருக்கிற இடம் காலி. மிச்சம் எல்லாம் பொருந்திவிட்டது. அந்தப் பெண்ணின் அப்பாவுக்கும் அதே சாமி பெயர், அவளுடைய வாத்தியாரும் அதே தேதியைப் போட்டிருக்கிறார்.

இதைக் கண்டுபிடிப்பதற்கு முன்பே, அன்றிரவு ஆத்திரத்தில் ஆன்லைனில் டிஸ்பியூட், அதாவது ஆட்சேபம், போட்டிருந்தேன். அங்கேதான் தவறு செய்தேன். எந்த விவரம் தவறு என்று தேர்ந்தெடுக்கச் சொன்னபோது, பாக்கித் தொகை என்ற இடத்தைத் தேர்ந்தெடுத்து, நான் ஒரு பைசாவும் தர வேண்டியதில்லை என்று எழுதினேன். ஜூலை 8 அன்று பதில் வந்தது. கடன் கொடுத்த நிறுவனம் சரிபார்த்துவிட்டது, விவரம் சரியே. ஒரே வரி. படித்ததும் அழுதுவிட்டேன். பிறகு நிதானமாக யோசித்தால், அவர்கள் கேட்ட கேள்விக்கு அது சரியான பதில்தான். பாக்கி 19,840 தானா என்று கேட்கப்போயிருக்கிறது, ஆமாம் என்று வந்திருக்கிறது. யாருடைய பாக்கி என்று யாரும் கேட்கவே இல்லை.

இதைப் படிக்கிறவர்கள் ஒன்றை மட்டும் குறித்துக்கொள்வீர்கள் என்றால் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். நமதல்லாத கடன் என்றால் தொகையையோ தேதியையோ மறுக்கக் கூடாது. கணக்கு என்னுடையது அல்ல என்ற பிரிவைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும், ஓனர்ஷிப் என்று இருக்கும். ரிப்போர்ட்டின் மேலே இருக்கிற கட்டுப்பாட்டு எண், கணக்கு எண் இரண்டையும் தப்பில்லாமல் எழுத வேண்டும். கூடவே என்னுடையது அல்லாத முகவரி, போன், வாக்காளர் எண் எல்லாவற்றையும் தனித்தனியாக மறுக்க வேண்டும். கடன் வரியை மட்டும் எடுத்துவிட்டு அந்த முகவரியை விட்டுவைத்தால், அடுத்த கடனும் அதே வழியாக உள்ளே வந்துவிடும். இரண்டு நிறுவனங்களின் ரிப்போர்ட்டில் இருந்ததால் இரண்டு இடத்திலும் தனித்தனியாகப் போட்டேன். அன்று ஜூலை 10.

கிரெடிட் நிறுவனம் தானாக எதையும் அழிக்காது, கடன் கொடுத்தவரிடம் கேட்டுத்தான் மாற்றும். அதனால் சண்டையின் பாதி கடன் கொடுத்தவரோடு. அவர்களுடைய குறைதீர்ப்பு அதிகாரிக்குப் பதிவுத் தபால் அனுப்பினேன், ஒப்புகை அட்டையோடு. நீளமாக எழுதவில்லை. விண்ணப்பப் படிவம், அதோடு வாங்கிய அடையாளச் சான்று, கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம், பணம் யார் கணக்குக்குப் போனது, தவணை எந்தக் கணக்கிலிருந்து வந்தது, இந்த ஐந்தையும் காட்டுங்கள். காட்ட முடியாவிட்டால் என் பெயரிலிருந்து எடுத்துவிட்டு நான்கு நிறுவனங்களுக்கும் தெரிவியுங்கள். இவ்வளவுதான். என் பான் நகல், ஆதார் நகல், என் வங்கிக் கணக்கின் 2019ஆம் வருட ஸ்டேட்மென்ட் இணைத்தேன். நகல்களின் குறுக்கே எதற்காகக் கொடுக்கிறேன் என்று பேனாவால் எழுதினேன்.

பத்து நாள் பதில் இல்லை. ஜூலை 22, திங்கட்கிழமை, லீவு போட்டுவிட்டு கரூர் பஸ் ஏறினேன்.

மாடியில் சின்ன அலுவலகம். கவுண்டரில் இருந்த பெண், "ஹெட் ஆபீஸ்ல இருந்து மெயில் வரும் மேடம்" என்றார். பரவாயில்லை, காத்திருக்கிறேன் என்று உட்கார்ந்தேன். மதியம் இரண்டு மணிக்கு மேனேஜர் கூப்பிட்டார். ஐம்பது வயதிருக்கும். என் கடிதத்தின் நகலைக் கொடுத்தேன். படித்தார். பேசாமல் எழுந்துபோய் உள்ளேயிருந்து ஒரு பழைய ஃபைலை எடுத்துவந்தார். புரட்டிக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நிறுத்தினார்.

"நீங்க கையெழுத்து எப்படிம்மா போடுவீங்க?"

"தமிழ்ல சார்."

ஃபைலை என் பக்கம் திருப்பினார், மற்ற விவரங்களை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு. கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் இடது பெருவிரல் ரேகை. மை அதிகமாகி, கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டிப்போய், ஒரு பக்கம் இழுத்துவிட்டிருந்தது. அதன் கீழே யாரோ நீல மையில் என் பெயரை எழுதியிருந்தார்கள். பக்கத்தில் பின் அடித்திருந்த கடை பில்லில் 'பவர் தையல் மெஷின், மோட்டாருடன், 1' என்று இருந்தது.

மேனேஜர் அதிகம் பேசவில்லை. "இது நீங்க இல்லம்மா" என்றார். எழுத்தில் வேண்டும் என்றேன். ஆகஸ்ட் 6 அன்று தலைமை அலுவலகத்துக் கடிதம் தபாலில் வந்தது. குறிப்பிட்ட கணக்கு இந்தப் பான் எண் உடையவருக்குச் சம்பந்தமில்லாதது என்று தெளிவாக எழுதி, முத்திரையோடு. அதை ஸ்கேன் செய்து இரண்டு டிஸ்பியூட்டிலும் சேர்த்தேன்.

ஒரு நிறுவனம் மூன்றே நாளில் சரிசெய்துவிட்டது. இன்னொன்று 30 நாள் தாண்டியும் இழுத்தது. கடன் தகவல் நிறுவனங்களுக்கான 2005ஆம் ஆண்டுச் சட்டம் 30 நாள் கெடு கொடுக்கிறது. தாண்டினால் ஒரு நாளைக்கு 100 ரூபாய் நமக்கு நஷ்டஈடு தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2023 அக்டோபர் 26 அன்று உத்தரவிட்டு, அது 2024 ஏப்ரல் 26 முதல் நடப்பில் இருக்கிறது. கடன் கொடுத்தவர் 21 நாளுக்குள் பதில் தராவிட்டால் அவர் தலையில், அவர் தந்தும் தகவல் நிறுவனம் தாமதித்தால் அதன் தலையில். இதைக் குறிப்பிட்டு, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரான ஒம்புட்ஸ்மனிடம் போகப்போகிறேன் என்று மெயில் எழுதினேன். 2022 செப்டம்பரிலிருந்து கிரெடிட் நிறுவனங்கள் மீதும் அங்கே புகார் கொடுக்கலாம். கட்டணம் கிடையாது, வக்கீல் வேண்டாம், தமிழில் கேட்க 14448 என்ற எண் இருக்கிறது. நான் படிவம் நிரப்பிக்கொண்டிருந்தபோதே, ஆகஸ்ட் 20 அன்று, கணக்கு நீக்கப்பட்டதாகச் செய்தி வந்தது. நான்காவது நாள் என் கணக்கில் 1,100 ரூபாய் ஏறியது, பதினொரு நாளுக்கு. பெரிய பணம் இல்லை. ஆனால் அந்தப் பாஸ்புத்தக வரியை அப்பா இருந்திருந்தால் காட்டியிருப்பேன்.

பான் எண்ணையே திருடிக் கடன் வாங்கியிருந்தால் வேலை இன்னும் கூடும். 1930க்கு அழைத்து சைபர் கிரைமில் பதிவு செய்ய வேண்டும், காவல் நிலையத்தில் புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சிஎஸ்ஆர் ரசீதாவது வாங்கி, அதை டிஸ்பியூட்டோடு இணைக்க வேண்டும். காசு கொடுத்தால் ஸ்கோரை ஏற்றித் தருகிறோம் என்று போஸ்டர் ஒட்டியிருப்பவர்களிடம் மட்டும் போகாதீர்கள். மேலே சொன்ன எதையும் அவர்களால் நம்மைவிட வேகமாகச் செய்ய முடியாது, நம் ஆதாரும் ஓடிபியும் அவர்கள் கைக்குப் போவதுதான் மிச்சம்.

வீடு கிடைத்தது. விற்றவர் ஒரு மாதம் கூடுதல் அவகாசம் கொடுத்தார், அந்த நல்ல மனதுக்கு நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம். புது ரிப்போர்ட்டில் ஸ்கோர் 771.

பழைய ரிப்போர்ட்டை நான் இன்னும் தூக்கிப் போடவில்லை. அதில் அந்தக் கடனின் மாதக் கட்டங்கள் இருக்கின்றன, எத்தனை நாள் பாக்கி என்று ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு எண். 2019 ஜூலையிலிருந்து 2020 பிப்ரவரி வரை எட்டு மாதமும் 000. ஒரு தவணைகூட ஒரு நாள்கூடத் தள்ளிப்போகவில்லை. மார்ச்சில் ஊரடங்கு வந்தது. ஆகஸ்ட் வரை தவணைக்கு அவகாசம் கொடுத்திருந்தார்கள், அதுவும் 000. அக்டோபரில் 030. அப்புறம் 061, 091 என்று ஏறிக்கொண்டே போகிறது. திரைச்சீலையும் மெத்தை விரிப்பும் தைத்து வெளிநாட்டுக்கு அனுப்புகிற ஊர் கரூர். அந்த மெஷினுக்கு எந்த மாதம் துணி வருவது நின்றது என்று அந்தக் கட்டங்களே சொல்கின்றன.

என் ரிப்போர்ட்டிலிருந்து நீக்கிய வரி இப்போது அவள் பெயருக்குப் போயிருக்கும். அவளுக்குப் பான் அட்டை இருக்கிறதோ இல்லையோ, ரிப்போர்ட் என்று ஒன்று இருப்பது தெரியுமோ தெரியாதோ. அந்த மேனேஜருக்கு ஒரு கடிதம் எழுதினேன். வசூலுக்கு ஆள் அனுப்புவதற்கு முன்னால் அந்த எட்டு மாதத்தை ஒருமுறை பாருங்கள் என்று கேட்டிருந்தேன். பதில் வரவில்லை. ஒப்புகை அட்டை மட்டும் திரும்பி வந்தது. அப்பாவின் தகரப் பெட்டியில் போட்டு வைத்திருக்கிறேன்.